வாடின பூ கண்ணில் படக்கூடாது

அரைக்கேணிப்பட்டிக்கு அந்தப் பேர் வந்ததற்குக் காரணம் ஒரு கேணி. பாதி தோண்டினதும் நிறுத்துங்கள், வந்து ஊற்றுப் பார்த்துச் சொல்கிறேன் என்று ஒருத்தர் சொல்லிவிட்டு வெளியூர் போனார். போன இடத்திலேயே செத்தும் போனார். ஊர் இன்னும் அவருக்காகக் காத்திருக்கிறது. செத்துப்போனவர் எப்படி வந்து பார்ப்பார் என்று கேட்டால், "வரமாட்டேன்னு அவர் சொல்லலையே" என்பார்கள்.

அப்படிப்பட்ட ஊரிலேயே சொன்ன சொல்லைத் தட்டாதவர்கள் என்று பேர் வாங்கினவர்கள் அண்ணன் தம்பி மூன்று பேர். மூத்தவர் சடையப்பன். அடுத்தவர் நல்லகாமன், அவருக்குத் தலையில் கொஞ்சம் முடிதான் மிச்சம், அதற்குத் தினமும் எண்ணெய் வைத்து, ஒவ்வொன்றாகப் படிய வைப்பதற்கே காலைப்பொழுது போய்விடும். கடைக்குட்டி ஒச்சப்பன், உட்கார்ந்தால் தூங்கிவிடுவார், நின்றால் உட்கார இடம் தேடுவார். மூன்று பேரும் ஒரே வீட்டில் இருந்தார்கள்.

சடையப்பனின் மகள்தான் அஞ்சுகம். அம்மா இல்லாத பெண். நூல் மில்லில் வேலை. காலையில் மில் வேன் வந்து ஏற்றிக்கொண்டு போய், பொழுது சாயக் கொண்டுவந்து இறக்கும். பொறுமை என்பது அவளுக்கு மருந்துக்கும் கிடையாது. அந்த மூன்று பேரோடு ஒரே கூரைக்குக் கீழே வளர்ந்தால் யாருக்கும் இருக்காது.

அவளுக்குப் பூபாலனைப் பிடித்திருந்தது. இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல ஒன்றும் இல்லை. டவுனில் மில் வேன் நிற்கிற இடத்துக்கு எதிரே அவன் அம்மா நாகரத்தினத்தின் நர்சரி. அஞ்சுகம் ஒரு ரோஜாத் தொட்டி வாங்கப் போனாள். அந்த ரோஜா செத்துவிட்டது என்று சண்டை போடப் போனாள். அப்புறம் சண்டை இல்லாமலும் போனாள். அவனுக்கும் அவளைப் பிடித்துப்போயிற்று.

தடை ஒன்றுதான். நாகரத்தினம்.

"எங்கம்மா பொண்ணு பார்க்க வரமாட்டாங்க. செடி பார்க்கத்தான் வருவாங்க," என்றான் பூபாலன். "போன வீட்டுல பொண்ணு காப்பி எடுத்துட்டு வந்து நிக்குது. எங்கம்மா வாசல்ல காஞ்சுகிடந்த துளசியைப் பார்த்துட்டு, செடியைப் பட்டினி போடுற வீட்டுல சம்பந்தம் வேண்டாம்னு அப்படியே திரும்பிட்டாங்க. காப்பிகூடக் குடிக்கல."

"எங்க வீட்டு வாசல்ல ஒண்ணுமே இல்லையே."

"அதனாலதான் சொல்றேன். இந்தா, நாத்து. செண்டுமல்லி, ஜினியா, காசித்தும்பை, கோழிக்கொண்டை, வாடாமல்லி. எல்லாம் ஒரு பருவம் பூத்துட்டுப் போற சாதி. அம்மா மாசி மாசம் வர்றப்போ வாசல் பூத்து நிக்கணும். அவ்வளவுதான் உனக்கும் எனக்கும் நடுவுல இருக்கிறது."

அஞ்சுகம் நட்டாள். மில்லுக்குப் போவதற்கு முன்னால் தண்ணீர் ஊற்றினாள், வந்ததும் களை எடுத்தாள். தை பிறந்தபோது வாசல் பூக்க ஆரம்பித்தது. பூத்தால் வாடும். வாட ஆரம்பித்ததும் அவள் மறுபடி பூபாலனிடம் போய்க் கேட்டுக்கொண்டு வந்து, அப்பாவையும் சித்தப்பாக்களையும் வரிசையாக உட்காரவைத்துப் பாடம் நடத்தினாள்.

"வாடின பூவைச் செடியிலயே விட்டா, அது விதை பிடிக்கப் போயிரும். வேலை முடிஞ்சதுன்னு நினைச்சுப் பூக்கிறதை நிறுத்திரும். அதனால, பூ வாடின உடனே கிள்ளிப் போட்டுரணும். கிள்ளினதும் தண்ணி ஊத்தணும். ஒண்ணைக் கிள்ளினா அங்க ரெண்டு பூக்கும். புரிஞ்சுதா?"

"வாடின உடனே," என்றார் சடையப்பன்.

"கிள்ளணும்," என்றார் நல்லகாமன்.

"தண்ணி," என்றார் ஒச்சப்பன்.

அழகாகப் புரிந்துகொண்டார்கள் என்று நினைத்து அஞ்சுகம் வேனில் ஏறினாள். அவள் செய்த முதல் தப்பு அதுதான்.

அவள் போனதும் சடையப்பன் உள்ளே போய் நாற்காலி எடுத்து வந்தார். அதைச் செண்டுமல்லிக்கு முன்னால் போட்டு உட்கார்ந்து, ஒரு பூவையே பார்த்தார்.

"என்னண்ணே செய்யுற?"

"வாடின உடனே கிள்ளணும்னுச்சுல்ல. எப்ப வாடும்னு யாருக்குத் தெரியும்? நாம அங்கிட்டு இங்கிட்டுப் போன நேரத்துல வாடிட்டா, அப்புறம் கிள்ளுறது உடனே கிள்ளுன கணக்குல வராது."

நல்லகாமனுக்கு அது நியாயமாகப் பட்டது. அவரும் ஒரு நாற்காலி கொண்டுவந்து ஜினியாவுக்கு முன்னால் உட்கார்ந்தார். ஒச்சப்பனுக்கு வாடாமல்லி கிடைத்தது. வாடாமல்லி காய்ந்து சருகானாலும் நிறம் மாறாத பூ. அதற்கு முன்னால் உட்கார்ந்தவனுக்கு அந்த ஜென்மத்தில் வேலை வராது. ஒச்சப்பனுக்கு ஏற்ற பதவி.

வெயில் ஏறியது. பூக்கள் பூக்களாகவே இருந்தன.

"அண்ணே, ஒரு சந்தேகம். வாடிருச்சுன்னு யார் சொல்லணும்? நாமளா, பூவா?" என்றார் நல்லகாமன்.

"பூ எப்படிடா சொல்லும்."

"அப்ப நீதான் மூத்தவன், நீ சொல்லு. இது வாடிருச்சா?"

சடையப்பன் வந்து ஜினியாவைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "ஒரு பக்கம் வாடியிருக்கு. இன்னொரு பக்கம் வாடல."

"பாதியை மட்டும் கிள்ளவா?"

"பாதி கிள்ளுனா, ரெண்டுல பாதி ஒண்ணு. அங்க ஒரு பூதான் வரும். இப்பவும் ஒண்ணுதான் இருக்கு. எதுக்கு வீணா கைய வலிக்கச் செய்யணும், உக்காரு."

இந்த நேரத்தில் பக்கத்து வீட்டு ஆடு ஒன்று பின்வரிசைக்குள் புகுந்து, கோழிக்கொண்டையை ஒவ்வொன்றாக, அவசரமே இல்லாமல், தின்று முடித்தது. மூன்று பேரும் அதைக் கண்ணாரப் பார்த்தார்கள்.

சாயங்காலம் அஞ்சுகம் வந்து பின்வரிசையைப் பார்த்ததும் கேட்டாள். "ஆடு திங்கிறவரைக்கும் என்னப்பா பண்ணிட்டு இருந்தீங்க?"

"பார்த்துட்டுத்தான்மா இருந்தோம். அது ஒண்ணுகூட வாடின பூவைத் திங்கல. எல்லாம் நல்ல பூ. வாடினதுல வாய் வச்சிருந்தா விட்டுருப்போமா?"

அஞ்சுகம் நெற்றியில் அடித்துக்கொண்டாள். வேலியை இழுத்துக் கட்டினாள். அப்புறம் நிதானமாகச் சொன்னாள், "சரி. எது வாடினதுன்னு தெரியலையா? தலை தொங்கிருச்சுன்னா வாடிருச்சு. தலை நிமிந்து இருந்தா நல்லா இருக்கு. இதுல குழப்பம் எதுவும் இருக்கா?"

குழப்பம் இல்லை. மறுநாள் வேலை சுறுசுறுப்பாக நடந்தது. தலை தொங்கின பூவையெல்லாம் சடையப்பனும் நல்லகாமனும் கிள்ளிக்கொண்டே போனார்கள், தண்ணீர் ஊற்றிக்கொண்டே போனார்கள். வாடாமல்லிக்குப் பக்கத்தில் வந்தபோது ஒச்சப்பன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவர் தலை நெஞ்சு வரைக்கும் தொங்கியிருந்தது.

"தம்பி," என்றார் சடையப்பன். குறட்டைதான் வந்தது.

"வாடிட்டான்," என்றார் நல்லகாமன்.

"நம்ம கூடப் பிறந்தவன்டா."

"கூடப் பிறந்தவன் பிறக்காதவன்னு அஞ்சுகம் பிரிச்சுச் சொல்லலையேண்ணே."

ஒச்சப்பன் காதுப்பக்கம் சுரீரென்று விழுந்த கிள்ளில் விழித்து, ஒரு பூவாளித் தண்ணீரில் முழுக்க நனைந்தார். தலை நிமிர்ந்தது. "பார்த்தியா, உடனே பலன்," என்று சடையப்பன் மெச்சிக்கொண்டார். ஒச்சப்பனும் கோபப்படவில்லை. ஒன்றைக் கிள்ளினால் இரண்டு வரும் என்பதால் அன்று ராத்திரி தனக்கு இரண்டு பங்கு சோறு வேண்டும் என்று மட்டும் கேட்டார். அதுவும் நியாயம்தான் என்று போட்டார்கள்.

இதெல்லாம் பரவாயில்லை. இதற்கு அடுத்த வாரம் சடையப்பன் யோசிக்க ஆரம்பித்தார். அதுதான் ஆபத்து.

"டேய், ஒண்ணு வாடினா ரெண்டு பூக்குது. அப்ப நமக்கு என்ன வேணும்?"

"ரெண்டு பூ."

"அதுக்கு என்ன வேணும்?"

"வாடணும்."

"நாம என்ன பண்றோம்? தண்ணி ஊத்தி ஊத்தி வாடவிடாமத் தடுக்குறோம். நம்ம அஞ்சுகம் கல்யாணத்துக்கு நாமளே குறுக்க நிக்குறோம்டா."

மூன்று பேருக்கும் அது மனசைப் பிசைந்துவிட்டது. அஞ்சுகத்துக்கு அந்த வாரம் மில்லில் இரட்டை ஷிப்ட். செடிப்பக்கம் திரும்ப நேரமில்லை, இவர்களை நம்பியிருந்தாள். இவர்கள் பூவாளியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, பெண்ணுக்குச் சேர்க்க வேண்டியதைச் சேர்த்துவிட்ட தகப்பன்மார் மாதிரி திருப்தியாக உட்கார்ந்திருந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை அவள் வாசலுக்கு வந்தாள். எல்லாச் செடியும் தலையைத் தொங்கப் போட்டு நின்றது.

"எல்லாமே வாடிருச்சு," என்று சடையப்பன் முகம் மலர்ந்து சொன்னார். "ஒண்ணு பாக்கியில்ல. இனி அத்தனையும் ரெண்டா வரும்."

வாயைத் திறந்தால் என்ன வார்த்தை வரும் என்று அஞ்சுகத்துக்கே பயமாக இருந்தது. குடம் குடமாகத் தண்ணீர் இறைத்துக் கொட்டினாள். வாடின பூவையெல்லாம், முக்கால்வாசிச் செடியை மொட்டையடித்த மாதிரி, கிள்ளித் தள்ளினாள். அழுதுகொண்டே கிள்ளினாள். மாசியில் நாகரத்தினம் வரப்போகிற நாள் கண்ணுக்கு எதிரே நின்றது. வாசலில் பூ இல்லை என்றால் பூபாலன் இல்லை. பூபாலன் வேறு யாரோ ஒருத்தி வீட்டு வாசலில் செடியைப் பாராட்டிக்கொண்டு நிற்பான்.

எழுந்து நின்று விரலை நீட்டிச் சொன்னாள். "இனிமேல் யோசிக்கிற வேலை உங்க யாருக்கும் கிடையாது. தினம் தண்ணி ஊத்துங்க. வாடின பூ ஒண்ணுகூட என் கண்ணுல படக்கூடாது. அவ்வளவுதான்."

அவள் கண்ணில் படக்கூடாது என்றால், அவள் கண் போகிற இடமெல்லாம் பார்க்க வேண்டும். அவள் கண் வாசலோடு நிற்கிறதா? இல்லை. தெரு வழியாகப் போகிறாள், கோயிலைத் தாண்டுகிறாள், வேன் நிற்கிற இடம் வரைக்கும் நடக்கிறாள். மூன்று பேரும் அவள் போகிற வழியை ஒருமுறை நடந்து பார்த்தார்கள். வழிநெடுக வாடின பூ.

முதலில் தெருமுனைப் பிள்ளையார். நேற்றைய மாலை கழுத்தில் காய்ந்து கிடந்தது. கழற்றினார்கள், அவர் தலையில் தண்ணீர் ஊற்றினார்கள். பிள்ளையார் அதற்குப் பழக்கப்பட்டவர், ஒன்றும் சொல்லவில்லை. அடுத்து டீக்கடையில் முதலாளியின் அப்பா போட்டோவுக்குப் போட்ட மாலை. கிள்ளினார்கள், போட்டோவுக்குத் தண்ணீர் ஊற்றினார்கள். கண்ணாடிக்குள் தண்ணீர் இறங்கி, அந்தப் பெரியவர் இடுப்பளவு தண்ணீரில் நின்றார்.

"என்னய்யா பண்றீங்க?" என்றார் டீக்கடைக்காரர்.

"கவலைப்படாதீங்க, அடுத்த வாரம் ரெண்டா வரும்."

"எது, எங்கப்பாவா?"

அடுத்து பஸ் நிறுத்தம். அங்கே உள்ளூர்ப் பேச்சியம்மாள் நின்றிருந்தாள், முந்தின நாள் தலையில் வைத்த பூவோடு. நல்லகாமன் பின்னால் போய்ப் பக்குவமாகக் கிள்ளி எடுத்தார். ஒச்சப்பன் பூவாளியைச் சாய்த்தார். பஸ்ஸுக்கு நின்ற மற்ற பொம்பளைகளுக்கும் அதே கதிதான்.

அன்று சாயங்காலம் அஞ்சுகம் வேனிலிருந்து இறங்கி நடந்து வந்தபோது, வாசலில் ஈரத்தலையோடு ஏழெட்டுப் பொம்பளைகள் நின்றார்கள். முன்னால் நின்றது பேச்சியம்மாள்.

"உங்கப்பன் கூடப் பிறந்ததுகளை ஒண்ணு கட்டிப் போடு, இல்ல ஊரைவிட்டு அனுப்பு. தலையில கைய வைக்குறாங்கன்னு திரும்பிப் பார்த்தா, அடுத்த வாரம் ரெண்டு முழம் வரும்னு ஆறுதல் சொல்லுறானுக."

அஞ்சுகம் ஒவ்வொருத்தரிடமும் மன்னிப்புக் கேட்டாள். துண்டு கொடுத்தாள். அவர்கள் போனதும், இந்தத் தடவை ஓட்டையே இல்லாமல் சொல்லிவிட வேண்டும் என்று ஒவ்வொரு சொல்லாக அளந்து சொன்னாள்.

"ஊருக்குள்ள இருக்கிற எந்தப் பூவையும் தொடக்கூடாது. நம்ம வேலிக்கு உள்ள இருக்கிற பூவை மட்டும்தான். வேலிக்கு வெளிய இருந்தா, அது எப்படி வாடிக்கிடந்தாலும் நமக்குச் சம்பந்தம் இல்ல. வேலிக்கு உள்ள வாடின பூ ஒண்ணுகூட இருக்கக்கூடாது. எங்க, சொல்லுங்க."

"வேலிக்கு உள்ள மட்டும்," என்றார்கள் மூன்று பேரும்.

ஓட்டையே இல்லை என்று அவளுக்குத் தோன்றியது.

இதற்கு நடுவில் ஒரு அதிசயம் நடந்தது. மொத்தமாக வாடி, மொத்தமாகக் கிள்ளுப்பட்டு, மொத்தமாகத் தண்ணீர் குடித்த செடிகள், மொத்தமாகத் துளிர்த்தன. மாசி பிறந்து நாகரத்தினம் வருகிற வெள்ளிக்கிழமை காலையில் வாசலில் இலை தெரியவில்லை. செண்டுமல்லி மஞ்சளாகக் கொதித்தது. ஜினியா ஏழு நிறத்தில் நின்றது. தெருவில் சைக்கிளில் போனவர்கள் இறங்கிப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

"நான் வாடப் போட்டதுதான்," என்றார் சடையப்பன்.

அஞ்சுகத்தால் இல்லை என்று சொல்ல முடியவில்லை. அந்த எரிச்சலோடு கடைசிக் கட்டளையைப் போட்டாள். "அவங்க வந்ததும் யாரும் வாயைத் திறக்காதீங்க. எது கேட்டாலும் நான் சொல்லிக்கிறேன்."

பூபாலனும் நாகரத்தினமும் மூன்று பஸ் மாறி வந்தார்கள். உச்சிவெயில். பஸ்ஸில் ஜன்னல் பக்கம் வேறு கிடைக்கவில்லை. நாகரத்தினம் பருத்த சரீரம், கெட்டியான கொண்டை, கொண்டையைச் சுற்றிக் காலையில் வைத்த மல்லிகைச் சரம். காலையில் வைத்தது இப்போது எப்படி இருக்கும் என்று சொல்லவேண்டியதில்லை.

வேலிக்கு வெளியே நின்றபடியே அவர் வாசலைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். ஒரு செண்டுமல்லிச் செடிக்குப் பக்கத்தில் குனிந்து வேலி வழியாக இலையைத் திருப்பினார்.

"ஒரு வாடின பூ இல்லையே," என்றார் நாகரத்தினம். குரலில் மரியாதை இருந்தது.

பூபாலன் அஞ்சுகத்தைப் பார்த்துச் சிரித்தான். அஞ்சுகம் சிரித்தாள். மூன்று சகோதரர்களும் கைகூப்பி, வாயை இறுக்க மூடி, கன்னம் உப்ப நின்றார்கள்.

"வீட்டு ஆம்பளைங்க ரொம்ப அடக்கமோ?" என்றார் நாகரத்தினம்.

"ஆமாங்கத்தை," என்றாள் அஞ்சுகம். "உள்ள வாங்க."

நாகரத்தினம் வேலிப்படலைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார்.

அவருடைய இரண்டு காலும் வேலிக்கு உள்ளே வந்துவிட்டதா என்று சடையப்பன் குனிந்து பார்த்து உறுதி செய்துகொண்டார். வந்துவிட்டது. தம்பிகளைப் பார்த்துத் தலையசைத்தார். அஞ்சுகத்துக்கு அந்தத் தலையசைப்பு மட்டும் கண்ணில் பட்டது. என்ன ஏது என்று புரிந்து அவள் "அப்பா" என்பதற்குள் நல்லகாமன் சம்பந்தியம்மா பின்னால் போய், வாடின மல்லிகைச் சரத்தை ஒரே இழுப்பில் கிள்ளி எடுத்தார். ஒச்சப்பன் பூவாளியைக் கொண்டைக்கு நேராகச் சாய்த்தார். ஒன்றும் சிந்தாமல், நிதானமாக, செடிக்கு ஊற்றுகிற மாதிரியே வேரைப் பார்த்து ஊற்றினார். பூவாளி காலியாகும் வரைக்கும் ஊற்றினார்.

நாகரத்தினம் அசையாமல் நின்றார். மூக்கு நுனியிலிருந்து சொட்டியது. பட்டுச்சேலை உடம்போடு ஒட்டிக்கொண்டது.

"இது என்ன?" என்றார் கடைசியில்.

மூன்று பேரும் வாயை மூடிக்கொண்டு அஞ்சுகத்தைப் பார்த்தார்கள்.

அஞ்சுகத்துக்கு எல்லாம் முடிந்துபோன மாதிரி இருந்தது. இதற்கு மேல் எதை மூடி வைப்பது? "சொல்லித் தொலைங்கப்பா. வாயைத் திறந்தே சொல்லுங்க."

சடையப்பன் உப்பியிருந்த கன்னத்தை விட்டு மூச்சு வாங்கினார். "வாடின உடனே கிள்ளணும் தாயி. கிள்ளினதும் தண்ணி ஊத்தணும். ஒண்ணைக் கிள்ளினா ரெண்டு வரும். அதுவும் வேலிக்கு உள்ள மட்டும். வெளிய நின்னப்போவே பார்த்தோம். உள்ள வரட்டும்னுதான் காத்திருந்தோம். முறைன்னு ஒண்ணு இருக்குல்ல."

"இதை உங்களுக்கு யார் சொன்னது?"

"எங்க அஞ்சுகம். அதுக்கு உங்க மகன்."

நாகரத்தினம் மகனைத் திரும்பிப் பார்த்தார். பூபாலன் செண்டுமல்லியைப் பார்த்தான்.

அஞ்சுகம் துண்டைக் கொண்டுவந்து நீட்டினாள். "அத்தை, மறைக்க ஒண்ணும் இல்ல. இவங்க இப்படித்தான். சொன்னதைச் செய்வாங்க, சொன்னதை மட்டும்தான் செய்வாங்க. இவங்களைவிட்டு நான் எங்கயும் ஓடிப்போக முடியாது. கல்யாணம் பண்ணினா இவங்களும் சம்பந்தக்காரங்கதான். வேண்டாம்னா சொல்லிட்டுப் போங்க. ஆனா காப்பி குடிச்சுட்டுப் போங்க, நனைஞ்சிருக்கீங்க."

நாகரத்தினம் தலையைத் துவட்டினார். கொண்டையை அவிழ்த்துப் பிழிந்தார். அப்புறம் நாற்காலியில் உட்கார்ந்து காப்பியை முழுக்கக் குடித்தார்.

"நாத்து வித்து வித்து என் தொண்டை தேஞ்சதுதான் மிச்சம்," என்றார். "வாடினதைக் கிள்ளுங்க, கிள்ளுங்கன்னு வர்றவன் போறவன்கிட்டல்லாம் சொல்றேன். தலையாட்டிட்டுப் போவானுக. ஒருத்தனும் செஞ்சதில்ல. பூக்கலைன்னு சண்டைக்கு மட்டும் வருவானுக. நான் சொன்னதை அப்படியே செஞ்சவங்கன்னு என் ஆயுசுல நான் பார்த்தது இந்த வீட்டுலதான்." டம்ளரைக் கீழே வைத்தார். "கொஞ்சம் அதிகமாவே செஞ்சுட்டாங்க. பரவாயில்ல. பொண்ணு இப்படிப் பட்டுன்னு பேசுறதும் எனக்குப் பிடிச்சிருக்கு. நிச்சயத்துக்கு நாள் பாருங்க."

பூபாலன் நிம்மதியில் அப்படியே உட்கார்ந்துவிட்டான். நாற்காலி பக்கத்தில் இருந்தது, அவன் உட்கார்ந்தது வெறுந்தரையில்.

கதை இதோடு முடிந்திருக்கலாம். நிச்சயதார்த்தத்தன்று நாகரத்தினம் தலையில் பூ வைக்காமல் வந்திருந்தால் முடிந்திருக்கும்.

மகன் நிச்சயம் என்று அவர் இரண்டு சரம் வைத்துக்கொண்டு வந்தார்.

வேனிலிருந்து அவர் இறங்கித் திரும்பியதும் மூன்று பேரும் கொண்டையைப் பார்த்தார்கள். போன தடவை கிள்ளினது ஒரு சரம். அதே இடத்தில் இப்போது இரண்டு சரம். வெள்ளைவெளேரென்று, புத்தம்புதுசாக.

சடையப்பன் கண் கலங்கிவிட்டது. "பேச்சியம்மா அன்னைக்கு நம்பலையேடா," என்றார்.

நல்லகாமன் கையை மெல்லத் தூக்கித் தன் தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டார். மிச்சமிருந்த கொஞ்ச முடியும் வெளுத்து, வதங்கி, ஒரு பக்கமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. தட்டு மாற்றிக்கொண்டிருந்த நேரத்தில் அவர் ஒச்சப்பனைக் கூட்டிக்கொண்டு கொல்லைப்புறம் போனார். கொஞ்ச நேரத்தில் "ஆ" "ஆ" என்று விட்டுவிட்டு ஒரு சத்தம் வந்தது. அதற்குப் பிறகு தண்ணீர் ஊற்றுகிற சத்தம்.

திரும்பி வந்தபோது அவர் தலையில் ஒன்றுமே இல்லை. ஒன்றுமே என்றால் ஒன்றுமே. ஈரத்தில் பளபளவென்று இருந்தது. முகத்தில் மட்டும் பெரிய நம்பிக்கை.

அன்றிலிருந்து ஒச்சப்பன் காலையும் மாலையும் அவர் தலைக்குப் பூவாளியில் தண்ணீர் விட்டார். ஒன்றும் முளைக்கவில்லை. கல்யாணம் நெருங்கியது. நல்லகாமன் பொறுக்க மாட்டாமல் நர்சரிக்கே போய் நாகரத்தினம் முன்னால் குனிந்து நின்றார்.

"சம்பந்தியம்மா, வாடினதையெல்லாம் கிள்ளிட்டேன். தண்ணியும் குறைவில்ல. மொட்டே காணோம்."

நாகரத்தினத்துக்கு அன்று கடையில் கூட்டம். பழைய பட்டுச்சேலை ஞாபகமும் கொஞ்சம் இருந்திருக்கும். அந்தத் தலையை ஒரு தட்டு தட்டிப் பார்த்தார். "மண்ணுல சத்து இல்ல. தொழு உரம் வைங்க," என்றார்.

மில் வேனுக்காக வந்து பக்கத்தில் நின்ற அஞ்சுகம், "அத்தை, இவங்ககிட்ட இப்படியெல்லாம் சொல்லாதீங்க," என்றாள். அதற்குள் நல்லகாமன் தெருவைத் தாண்டிவிட்டார்.

கல்யாண ஆல்பத்தில் நல்லகாமன் எல்லாப் படத்திலும் இருக்கிறார். பெரிய தலைப்பாகையோடு, கழுத்தை ஆட்டாமல், நேராக நிற்கிறார். அவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நிற்கிறவர்கள் மூக்கைப் பொத்தியிருப்பார்கள். தாலி கட்டுகிற படத்தில் பூபாலன் முகம் ஒரு மாதிரி இருக்கும். ஆனந்தக் கண்ணீர் என்று சொந்தக்காரர்கள் சொன்னார்கள். காற்று அந்தப் பக்கம் அடித்தது, அவ்வளவுதான்.

மறுவீட்டுக்கு மூன்று பேரும் வந்தார்கள். சடையப்பனும் ஒச்சப்பனும் நல்லகாமனை ஆளுக்கொரு பக்கம் பிடித்து, தேர் இழுத்து வருகிற மாதிரி, பள்ளம் மேடு பார்த்து நடத்திவந்தார்கள். நர்சரி வாசலில் நிறுத்தித் தலைப்பாகையைப் பயபக்தியாக அவிழ்த்தார்கள்.

எருவுக்குள் எந்தக் காலத்து விதை கிடந்ததோ தெரியாது. உச்சந்தலையில் பச்சையாக ஒரு நாற்று நின்றது. இரண்டே இரண்டு இலை.

"ரெண்டு," என்றார் நல்லகாமன்.

அஞ்சுகம் மாமியாரைப் பார்த்தாள். மாமியார் நாற்றைப் பார்த்தார். பழக்கதோஷம், கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து இலையைத் திருப்பிப் பார்த்துவிட்டார்.

"தக்காளி," என்றார். "நல்ல ஜாதி. மதிய வெயில் ஆகாது. அரைநிழல்ல வைங்க."

இப்போது அரைக்கேணிப்பட்டிக்குப் போனால், கேணிக்குப் பக்கத்து வேப்பமரத்தடியில் நல்லகாமன் பாதி உடம்பு நிழலிலும் பாதி உடம்பு வெயிலிலுமாக உட்கார்ந்திருப்பதைப் பார்க்கலாம். நிழல் நகர நகர ஒச்சப்பன் எழுந்து அவரை நாற்காலியோடு நகர்த்தி வைப்பார். பக்கத்தில் சடையப்பன் நாற்காலி போட்டு, கண்ணை எடுக்காமல் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பார். செடியில் ஒரே ஒரு மஞ்சள் பூ இருக்கிறது. அது வாடின உடனே கிள்ள வேண்டும்.